பனியில் விரிக்க இரண்டு கறுப்புப் பாய்கள்

தம்பி,

மூட்டையைப் பிரித்துவிட்டு இதைப் படிக்கிறாய் என்றால் நல்லது. பிரிக்காமல் படிக்கிறாய் என்றால் முதலில் எழும்பிப் போய்க் கயிற்றை அறு. உள்ளே சுருட்டிய இரண்டு கறுப்புப் பாய்கள் இருக்கும். பார்வைக்கு ஒன்றுமில்லாத சாமான்தான். தூக்கினால் பாரம் தெரியாது, மணந்தால் புதுச் சப்பாத்துக் கடைக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். சிரிக்காதே. நீயும் ஜூலியாவும் மலைக்கு ஏறும்போது இவைதான் உங்களோடு வர வேண்டும். கலியாணத்துக்கு நான் வாங்கித் தந்த அந்தப் பெரிய நீல மெத்தையை ஜூலியாவின் தகப்பன் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நான் தந்த பொருளை நானே வேண்டாம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க இப்போது நேரமில்லை.

இந்த மூட்டையை எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் லொறிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன். பலேர்மோவின் கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் நான் வேலை செய்கிற மீன் சாப்பாட்டுக் கடைக்கு அடிக்கடி வருகிறவர், வாக்குத் தவறாத மனிதர். தபாலில் போடலாம் என்றாள் அம்மா. நீங்கள் மலையேறி இறங்கிய பிறகு தபாலில் வந்து சேர்ந்தால் அதை வைத்து என்ன செய்வது? போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். சொன்னேனே. போன் கார்ட் முடியும்வரை கதைத்தேன். நீ எல்லாவற்றுக்கும் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றாய். உன் ஓமை எனக்குத் தெரியும். ஒருமுறை சொன்னால் கேட்டுக்கொண்டாய் என்று அர்த்தம். இரண்டுமுறை சேர்த்துச் சொன்னால் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறாய் என்று அர்த்தம். கடைசியில், "நாங்கள் உங்கடை மெத்தையிலைதான் படுப்பம் அப்பா, கவலைப்படாதேங்கோ" என்றாய். என் கவலையே அதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன், கார்ட் முடிந்துவிட்டது.

கலியாணத்துக்கு என்ன வேண்டும் என்று ஜூலியாவிடம் கேட்டது நான்தான். ஒரு சங்கிலி, ஒரு காப்பு, அப்படி ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ எனக்கு விளங்க வேண்டும் என்பதற்காக இத்தாலியன் பாஷையில் ஆறுதலாகச் சொல் சொல்லாகச் சொன்னாள். கலியாணம் முடிந்ததும் தன் ஊர் மலைக்குப் போய்ப் பனிமேல் கூடாரம் அடித்துச் சில நாட்கள் தங்கப் போகிறீர்களாம். சிறு வயதிலிருந்து தகப்பனோடு அப்படிப் போய்ப் பழக்கமாம். அதற்கு ஒரு மெத்தை வாங்கித் தந்தால் சந்தோஷமாம். இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "பனிக்குள்ளை கிடத்தவோ நான் பிள்ளையைப் பெத்தனான்?" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. ஏதோ நான்தான் உன்னைப் பனிக்குள் அனுப்புகிற மாதிரி. எனக்கோ உள்ளுக்குள் ஒரு பெருமை. நம் ஆட்களின் வழக்கப்படி கட்டிலும் மெத்தையும் பெண் வீட்டுச் சீதனத்தோடு வர வேண்டியவை. ஜூலியாவின் தகப்பனுக்குச் சீதனம் என்றால் என்னவென்று விளங்கப்படுத்தப் போயிருந்தால் அவர் என்னைப் பொலிஸில் பிடித்துக் கொடுத்திருப்பார். அது கிடக்கட்டும், மெத்தை நம் பக்கத்திலிருந்தே போகட்டும், அதையும் ஊர் மெச்சப் பெரிதாக வாங்குவோம் என்று நினைத்தேன். அந்த நினைப்பில்தான் பிழை தொடங்கியது.

வியா மக்வேதாவுக்குப் பக்கத்துத் தெருவில் மலையேறுகிறவர்களுக்கான சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே போனேன். விற்கிற பெண் நல்ல பிள்ளை. யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள், பனியிலா புல்லிலா என்றெல்லாம் கேட்டாள். பனியில் என்றதும் இரண்டு கறுப்புப் பாய்ச் சுருள்களை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் பெருவிரலால் அமத்திப் பார்த்தேன். ஒரு விரல் தடிப்புக்கூட இல்லை. என் மகனுக்கும் மருமகளுக்கும் கலியாணப் பரிசு, இரண்டு பேரும் சேர்ந்து படுக்கிற மாதிரி ஒன்றாகக் காட்டுங்கள் என்றேன். பனிக்கு அப்படி யாரும் வாங்குவதில்லை, ஆளுக்கொன்றுதான் நல்லது என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. புதிதாகக் கலியாணம் கட்டிய பிள்ளைகளுக்குத் தகப்பன் தன் கையாலேயே இரண்டு தனித்தனிப் படுக்கை கொடுப்பதா? நாளைக்கு உங்களுக்குள் ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தாலும் அம்மா அந்தப் பாய்களைத்தான் இழுத்துச் சொல்லிக் காட்டுவாள். அந்தப் பெண்ணுக்கு இதை இத்தாலியனில் எப்படிச் சொல்வது? நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, துறைமுகப் பக்கம் கடற்கரைச் சாமான் விற்கிற கடைக்குப் போய், அகலமான, நீல நிறமான, காற்றடித்தால் ஒரு சாண் உயரத்துக்கு எழும்புகிற மெத்தையை வாங்கினேன். உயரம் கூடினால் குளிர் எட்டாது என்பது என் கணக்கு. கையால் குத்திப் பார்த்தேன், பஞ்சணை தோற்றுவிடும்.

நீங்கள் அதை வாங்கிய விதத்தை இப்போது திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஜூலியா பெட்டியைத் திறந்தாள், படத்தைப் பார்த்தாள், உன்னைப் பார்த்தாள். நீ மெல்லத் தலையை ஆட்டினாய். உடனே அவள் எழும்பி வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்து, முதல் இரவே இதில்தான் படுப்போம் என்றாள். நான் கோவில் மணி அடித்த மாதிரிச் சந்தோஷப்பட்டேன். இப்போது விளங்குகிறது, மலை நாட்டில் பிறந்த பெண்ணுக்கு அந்த மெத்தை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். மாமனின் மனம் நோகக் கூடாது என்று நீங்கள் இருவரும் கண்ணால் கதைத்து முடித்துவிட்டீர்கள். தம்பி, மரியாதை நல்லதுதான், ஆனால் பனிமேல் படுத்துக்கொண்டு எனக்கு மரியாதை காட்ட வேண்டாம். சின்ன வயதிலிருந்து நான் உனக்குப் பெரியவர்கள் தந்ததைத் தட்டாதே என்று சொல்லி வளர்த்தது இப்போது எனக்கே பயமாகத் திரும்பி வந்து நிற்கிறது.

உங்கள் கப்பல் நாப்போலிக்குப் புறப்பட்டுப் போன பிறகுதான் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ அரிக்கத் தொடங்கியது. நீயும் அம்மாவும் ஊரிலிருந்து வந்து சேர்ந்த முதல் மாரிகாலத்தை நினைத்துக்கொண்டேன். பலேர்மோவில் மாரியில் தெருவில் நின்றால் வெயில் காயலாம், வீட்டுக்குள்தான் குளிர். உனக்குக் கட்டில் பிடிக்காது. கோடையில் பழகியபடி இறங்கி வந்து வெறும் கல்லுத்தரையில் கிடப்பாய். நானும் அம்மாவும் வீட்டிலுள்ள கம்பளி, சேலை, என் கோட்டு எல்லாவற்றையும் உன்மேல் அடுக்குவோம், காதைச் சுற்றித் துவாய் கட்டுவோம். அப்படியும் உனக்கு நெஞ்சுச்சளி பிடித்து, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் வைக்க வேண்டியதாயிற்று. டொக்டர் பெண் எங்கே படுக்கிறான் என்று கேட்டபோது நான், போர்வைக்குக் குறைவில்லை டொக்டர் என்றுதான் பதில் சொன்னேன். நம் ஆட்களுக்குக் குளிர் என்றால் அது மேலேயிருந்து விழுகிற ஒன்று. தலையை மூடுவோம், காதை அடைப்போம். ஊரில் தரைதான் நமக்குச் சுகம், அந்தத் தரை நம்மை ஏதும் செய்யும் என்று நினைக்கவே நமக்குத் தெரியாது.

ஆகவே பரீட்சித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மீன் கடையில் வேலை செய்கிறவனுக்கு ஐஸுக்கா பஞ்சம்? மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் போய், இரவுக் கூட்டத்துக்கு இன்னும் நேரம் கிடக்கிற வேளையில், பின்முற்றத்தில் ஒரு ஆள் நீளத்துக்கு நொறுக்கிய ஐஸைக் கொட்டிச் சவளால் வாரிப் பரவினேன். முதலாளியின் பிள்ளைகள் கோடையில் கடலில் மிதக்கிற காற்று மெத்தை ஒன்று களஞ்சிய அறையில் கிடந்தது. உங்களுக்கு நான் தந்ததன் தம்பி மாதிரி. அதை ஊதி ஐஸ்மேல் போட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். சமையல்காரன் சால்வோ வாசலில் நின்று, என்னையும் மீனோடு சேர்த்து விலை போட்டு எழுதட்டுமா என்று கேட்டான். முதலில் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் இடுப்புக்குக் கீழே யாரோ ஈரத்துணியை வைத்த மாதிரி இருந்தது. பிறகு தோள், பிறகு குதிக்கால். மேலே கோட்டுக்குள் வியர்வை, கீழே நடுக்கம். மெத்தைக்குள் இருக்கிற காற்று ஒரு இடத்தில் நிற்பதில்லை, தம்பி. ஐஸில் பட்டுக் குளிர்கிறது, புரண்டு வந்து முதுகில் படுகிறது, திரும்பவும் போகிறது. உயரம் கூடினால் அந்தக் காற்றுக்கு ஓடியாட இடம் கூடுகிறது, அவ்வளவுதான். அரை மணி நேரங்கூட ஆகியிருக்காது, பல்லுக் கிட்டத் தொடங்கியதும் எழும்பிவிட்டேன்.

எழும்பி நின்று காலை உதறும்போதுதான் மீன் வருகிற, நுரைபோலப் பாரமில்லாத வெள்ளை றெஜிஃபோம் பெட்டிகள் கண்ணில் பட்டன. தினமும் தூக்கி இறக்குகிற பெட்டிகள். உள்ளே நிறைய ஐஸ் இருக்கும், வெளியே கை வைத்தால் குளிர் தெரியாது. குளிரை உள்ளே பிடித்து வைக்கிற சாமானுக்கு அதைக் கீழேயும் பிடித்து வைக்கத் தெரியாதா என்ன? மூடிகளை எடுத்து வரிசையாக ஐஸ்மேல் அடுக்கிப் படுத்தேன். தடிப்பு ஒன்றுமில்லை, கல்லுமாதிரி இடுப்பு நாரியைக் குத்தியது. ஆனால் குளிர் வரவில்லை. காத்திருந்தேன், அப்போதும் வரவில்லை. சால்வோ கோப்பி கொண்டுவந்து தந்துவிட்டு, இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா என்று கேட்டான். அந்த மூடிகள்மேல் கிடக்கும்போதுதான், இவ்வளவு காலமும் விளங்காத ஒன்று எனக்கு விளங்கிவிட்டது. அன்று பனியில் என் கால் ஏன் தப்பியது, நேசன் மாமாவின் கால் ஏன் தப்பவில்லை என்பது விளங்கியது.

நான் இந்த நாட்டுக்குப் பனிக்காடு ஒன்றைக் கடந்து வந்த கதை உனக்குத் தெரியும். கொண்டாட்டங்களில் நான் அதைச் சிரிப்புக் கதையாகவே சொல்வேன். ஏஜென்சிக்காரன் எல்லைக்குக் கிட்ட ஒரு காட்டில் எங்களை விட்டுவிட்டு, இந்தா வாறன் என்று போனவன் வரவேயில்லை. பனிமேல் பிளாஸ்டிக் விரித்துப் படுத்தோம். நான் உடுப்பு அடைத்த என் நீளமான துணிப்பையை யாராவது களவெடுத்துவிடுவார்களோ என்று பயந்து, கழுத்திலிருந்து கால்வரை அதன்மேல் நீட்டி நிமிர்ந்து படுத்தேன். கூட வந்த நேசன், "உன்ரை கிழிஞ்ச சாரத்தை ஆர் எடுக்கப்போறான்" என்று என்னைப் பகிடி பண்ணினான். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்துக் கதையை முடித்துவிடுவேன். முடிக்காத மிச்சம் இதுதான். போர்வைகளை நாங்கள் இருவரும் சரிபாதியாகத்தான் போர்த்தினோம். தலையையும் காதையும் ஒரே மாதிரித்தான் கட்டினோம். விடிந்தபோது நான் எழும்பினேன், அவனால் எழும்ப முடியவில்லை. சப்பாத்தைக் கழற்றப் போனோம், கழற்ற முடியவில்லை. பிறகு ஒரு ஊர் ஆஸ்பத்திரியில் அவனுடைய இரண்டு காலின் விரல்களையும் எடுத்துவிட்டார்கள். அவனுடைய சப்பாத்து மோசம், அவனுடைய விதி மோசம் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். அவனுக்கும் எனக்கும் வித்தியாசம் கீழே கிடந்த ஒரு பைதான். நான் பயந்தாங்கொள்ளியாக இருந்ததால் தப்பினேன், அவன் மனிதர்களை நம்பியதால் காலைக் கொடுத்தான். ஐஸ்மேல் கிடந்தபடியே அழுதேன், சால்வோ குளிரால் அழுகிறேன் என்று நினைத்து என்னைக் கைகொடுத்துத் தூக்கினான்.

அடுத்த நாளே அந்த மலைச்சாமான் கடைக்குத் திரும்பிப் போனேன். அந்தப் பெண் என்னை மறக்கவில்லை, அதே கறுப்புச் சுருள்களை எடுத்து வைத்தாள். இந்த முறை நான் அமத்திப் பார்க்கவில்லை, கேட்டுப் பார்த்தேன். இதற்குள் ஒன்றோடொன்று சேராத சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் அடைபட்டுக் கிடக்கின்றனவாம், அந்தக் காற்றுக்கு அசைய இடமில்லையாம். குத்தினாலும் ஓட்டை விழுந்து சப்பிப்போகாது, தண்ணியும் ஊறாது. தோளிலிருந்து முழங்கால்வரை வருகிற கட்டைப் பாயும் வைத்திருந்தாள், பாரம் குறைக்க அதைத்தான் சில பேர் கொண்டுபோவார்களாம். நான் முழு நீளத்தில்தான் எடுத்தேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் நீ படுக்கக் கூடாது, உனக்குப் பாரமாக இருந்தால் வேறு எதையாவது விட்டுவிட்டுப் போ. ஜூலியா, தானாகக் காற்றை இழுத்து உப்புகிற மெல்லிய மெத்தைகள் தகப்பன் வீட்டில் இருக்கின்றன என்று போனில் சொன்னாளே, அவற்றை இந்தப் பாய்களுக்கு மேலே போடுங்கள். கறுப்பு கீழே, அவளுடையது மேலே. ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டின் சூடும் சேரும். மேலே உள்ளது ஓட்டையாகிப் போனாலும் கீழே உள்ளது கைவிடாது. அந்த மெத்தை முழுக்க உப்பவில்லை என்று வாயால் ஊதாதே, மூச்சின் ஈரம் உள்ளே போய் உறைந்துவிடுமாம். ஸ்லீப்பிங் பேக் தடிப்பாகத்தானே இருக்கிறது என்று நம்பிவிடாதே, உன் உடம்புக்குக் கீழே அகப்படுகிற பக்கத்தில் அதன் இறகெல்லாம் நசுங்கிப் போய்விடும், அங்கே அது வெறும் துணிதான். மிச்ச உடுப்பு இருந்தால் மேலே போர்த்தாதே, கீழே போடு. தொப்பி போடச் சொல்லி உனக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை, நீ அம்மாவின் பிள்ளை.

தனித்தனிப் பாய் என்ற என் பழைய சங்கடம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். அதை அம்மாதான் தீர்த்தாள். பாய்களைக் கொண்டுவந்து காட்டியபோது அவளும் முதலில் என்னைப் போலவே முகத்தைச் சுளித்தாள். நேசனின் கால் ஏன் அப்படியானது என்று நான் சொன்னதும் எழும்பிப் போய்த் தையல் பெட்டியை எடுத்தாள். உன் பழைய சாரத்தைக் கிழித்து, இரண்டு பாயையும் பக்கம் பக்கமாகப் போட்டு மூன்று இடத்தில் வளைத்துக் கட்டுகிற மாதிரிப் பட்டைகள் தைத்திருக்கிறாள். கட்டினால் ஒரே படுக்கை, நடுவில் பிரியாது, ஆளுக்கொரு பக்கம் சறுக்கிப் போகாது. சேர்த்துக் கட்டித்தான் படுக்க வேண்டும் என்பது அவளுடைய உத்தரவு.

இனி நேசன் மாமாவைப் பற்றி. துறைமுகத்துக்குப் போகிற வழியில் காருக்குள் நீ உன் கலியாணத்தைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "மாமா ஏன் உள்ளுக்கு வரேல்லை? நான் வெள்ளைக்காரியைக் கட்டினது பிடிக்கேல்லையோ?" என்று. நான் கூட்டம் அதிகம் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். உன் முகம் வாடியதைக் கண்டேன். உனக்கு நினைவிருக்கும், நம் வீட்டுக்கு வந்தாலும் அவன் வாசலோடுதான் நின்று கதைப்பான். சாமி படம் வைத்துக் கும்பிடுகிற மண்டபத்திலும் படியில்தான் நிற்பான். நீ சின்னவனாக இருக்கும்போது, மாமாவுக்குப் பெருமை, எங்கடை வீட்டுக் கதிரை அவருக்குக் காணாது என்று சொன்னாய். உன் கலியாணத்தன்று எல்லோரும் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அறுகரிசி போட்டார்கள். அவன் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றபடி அங்கிருந்தே எறிந்தான். அரிசி உங்கள்வரை வந்திருக்காது. உள்ளே வர வேண்டும் என்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும், கழற்றினால் கால் தெரியும். விரல் இல்லாத காலைக் கண்டு பிள்ளைகள் பயப்படும், பெரியவர்கள் பாவம் பார்ப்பார்கள், இரண்டும் அவனுக்கு வேண்டாம். ஆருக்கும் சொல்லாதே என்று எங்கள் இருவரிடமும் வாக்கு வாங்கியிருந்தான். அம்மாவும் நானும் சொல்லவில்லை. உன் மனம் நொந்துகொண்டு கப்பல் ஏறியபோதும் சொல்லவில்லை.

பாய்களுக்குப் பட்டை தைத்து முடிந்ததும் நான் நேசனிடம் போனேன். வியா மக்வேதாவில் அவன் வேலை செய்கிற வீட்டு எசமானி சின்யோராவின் வீட்டுப் படிக்கட்டில் இருந்துகொண்டு ஐஸையும் பெட்டி மூடியையும் துணிப்பையையும் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொல்லி முடிப்பது என்று தெரியாமல் தடுமாறினேன். அவன் கடைசிவரை கேட்டுவிட்டு, "நீ பையைப் போட்டுப் படுத்தாய், நான் பனியிலை காலை வைச்சன். இதை விளங்க உனக்கு இவ்வளவு காலமோ?" என்றான். அவனுக்கு அந்தக் காட்டிலேயே தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் கொண்டாட்டங்களில் நான் அந்தப் பையின் கதையைச் சொல்லிச் சிரிக்கும்போது அவனும் வாசலில் நின்று சிரித்திருக்கிறான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நீங்கள் பனியில் படுக்கப் போகிறீர்கள் என்று சொன்னேன், பாய் வாங்கியிருக்கிறேன், ஆனால் அது குளிரைத் தடுக்குமா என்று சொல்ல என் முதுகை நம்ப எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அவன் மேலே ஏறிப்போய்ச் சின்யோராவிடம் சொல்லிவிட்டுக் கோட்டோடு வந்தான். "வா, போய்ப் பாப்பம்" என்றான்.

ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு பஸ்ஸில் போனோம். பின்முற்றத்தில் ஐஸைக் கொட்டி, இந்த இரண்டு பாய்களையும் அம்மாவின் பட்டைகளால் சேர்த்துக் கட்டி விரித்தேன். சால்வோ பகிடி பண்ணத் தயாராக வாசலில் வந்து நின்றான். நேசன் பாயின் ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டான். எனக்கு அவனுடைய தயக்கம் விளங்கியது. சப்பாத்தோடு படு, ஐஸ்தானே, ஊத்தையானால் கழுவலாம் என்றேன். "புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் படுக்கிற பாய். சப்பாத்தோடை மிதிக்கலாமோ?" என்றான். மீன்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து லேஸை அவிழ்த்தான். சப்பாத்துக்குள் போட்டிருந்த கால்மேஸையும் கழற்றினான். தம்பி, அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவனுடைய காலை நானும் கண்டதில்லை. சால்வோவின் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது. யாரும் கேட்காமலே உள்ளே போய்க் காய்ந்த துவாய் ஒன்றைக் கொண்டுவந்து பாயின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். நேசன் வெறுங்காலோடு பாய்மேல் ஏறி மல்லாந்து, நான் அன்றைக்குப் படுத்த மாதிரி, கழுத்திலிருந்து கால்வரை நீட்டிப் படுத்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஐஸ் உருகித் தண்ணி முற்றத்து வடிகானில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் குந்தியிருந்து அவன் உதடு நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். சால்வோ இரவுச் சமையலுக்கு அடுப்பு மூட்டுகிற நேரமும் வந்துவிட்டது, நேசன் எழும்பவில்லை. நித்திரையாகிவிட்டானோ என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். "கீழையிருந்து ஒண்டும் வரேல்லை" என்றான். பிறகு கண்ணைத் திறக்காமலே, "நான் ஏன் உள்ளுக்கு வரேல்லையெண்டு பெடியனுக்கு எழுது. எழுதிப்போட்டு இதைக் குடுத்துவிடு" என்றான்.

எழுதிவிட்டேன். இனி உன் மனதில் அவனைப் பற்றி ஒரு குறையும் இருக்கக் கூடாது. ஜூலியாவுக்கும் சொல். நான் ஏன் இப்படிப் பேயடித்தவன் மாதிரி ஒரு மூட்டையை லொறியில் ஏற்றி அனுப்புகிறேன் என்று அவளுக்கும் விளங்கட்டும், மாமனுக்கு விசர் என்று நினைத்தாலும் பரவாயில்லை. அந்த நீல மெத்தையைக் கோடையில் கடலுக்குக் கொண்டுபோவோம். மலையிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக போன் பண்ணு. பனி வடிவாக இருந்தது, மலை வடிவாக இருந்தது என்பதெல்லாம் பிறகு ஆறுதலாகக் கேட்கிறேன். முதலில் சப்பாத்தைக் கழற்றி, உன் கால்விரல்களைத் தொட்டு ஒவ்வொன்றாக எண்ணு. பிறகு ஜூலியாவினுடையதை எண்ணு. நீ எண்ணுவது எனக்கு போனில் கேட்க வேண்டும். இருபது என்று நீ சொல்லும்வரை நானும் அம்மாவும் நேசன் மாமாவும் போனுக்குப் பக்கத்தில்தான் இருப்போம்.

அப்பா